என்.எச்.எஸ். தொடர் பராமரிப்பு நிதி மறுக்கப்பட்டால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தில் கேர் ஹோமில் இருக்கும் என் அம்மாவுக்கு மறதிநோய் முற்றிவிட்டது. ‘இப்போது அமைதியாகத்தானே இருக்கிறார்’ என்று கூறி, பராமரிப்புச் செலவை முழுவதும் என்.எச்.எஸ். (அரசின் பொதுச் சுகாதாரச் சேவை) ஏற்கும் தொடர் பராமரிப்பு நிதியை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், அவர்கள் சொன்ன காரணமே உங்களுக்குச் சாதகமானது. நல்ல கவனிப்பால் கட்டுக்குள் இருக்கும் தேவையும் தேவையே என்று தேசிய வழிகாட்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே, அந்த அமைதிக்குப் பின்னால் என்ன உழைப்பு இருக்கிறது என்பதைக் காட்டுங்கள்: உடை மாற்ற இருவர் தேவைப்பட்டதையும், மாத்திரையைத் துப்பியதால் மீண்டும் மீண்டும் முயன்றதையும் கேர் ஹோமின் தினசரிப் பதிவேட்டில் தேடி, தேதியோடு எடுத்தெழுதுங்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் 12 பிரிவுகள் உண்டு. இரண்டில் ‘கடுமையானது’ என்று பதிவானாலே தகுதி உண்டென்று பரிந்துரைக்கப்பட வேண்டும். அந்த அளவை எட்டாதபோதும், தேவைகளின் தன்மை, தீவிரம், சிக்கல், முன்கணிக்க முடியாமை ஆகிய நான்கையும் சேர்த்து ஆராயாமல் மறுப்பது முறையாகாது. மறுப்புக் கடிதங்கள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் கருத்து.

கேள்வி: யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும்?

பதில்: முடிவைத் தெரிவித்த கடிதம் வந்ததிலிருந்து 6 மாதங்களுக்குள், முடிவெடுத்த ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்திடம் (உங்கள் பகுதியின் என்.எச்.எஸ். அமைப்பு) மறுபரிசீலனை கேட்க வேண்டும். அங்கும் மறுத்தால், அடுத்த 6 மாதங்களுக்குள் தேசிய அமைப்பான என்.எச்.எஸ். இங்கிலாந்திடம் சுயாதீன மறுஆய்வுக் குழுவைக் கோரலாம். அதன் பிறகு, புகார்களை விசாரிக்கும் நாடாளுமன்ற, சுகாதாரச் சேவை ஆம்புட்ஸ்மனிடம் செல்லலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, அமர்த்தினால், வென்றாலும் அவர் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: முழு மதிப்பீட்டுக்கு முந்தைய முதற்கட்டச் சோதனையான செக்லிஸ்ட் நிலையிலேயே ‘தகுதியில்லை’ என்றுவிட்டார்கள்.

பதில்: மறுபரிசீலனை செய்யுமாறு வாரியத்துக்கு எழுதுங்கள், அதிலும் திருப்தி இல்லையெனில் என்.எச்.எஸ். புகார் நடைமுறை உண்டு. சுயாதீனக் குழு இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: அப்பாவுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கேட்பதில் பயனுண்டா?

பதில்: உண்டு. சொத்து, சேமிப்பு இதற்கு மேலிருந்தால் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்ற 23,250 பவுண்டு வரம்பு உள்ளாட்சி மன்றத்தின் சமூகப் பராமரிப்புக்கானது. இந்த நிதிக்குச் சொத்தோ சேமிப்போ கணக்கில் வராது. முறையீடு நடக்கும் காலத்தில் நீங்கள் செலுத்தும் கேர் ஹோம் கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். தகுதி உறுதியானால், பணத்தைத் திரும்பப் பெற அவையே ஆதாரம்.