அறுவை சிகிச்சைக்கு முன் ஒருமுறை பறந்துவிடலாமா?

கேள்வி: வயது 46, மதுரை திருநகரில் வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் உண்டு. சேலம் சென்று செஸ்னா 172 ஓட்டுவேன். அடிவயிற்று ஹெர்னியாவுக்கு (குடல் பிதுக்கம்) அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி) அறுவை சிகிச்சை. பிறகு வெகுநாள் ஓய்வு என்பதால், அதற்குள் மகனை ஏற்றிக்கொண்டு ஒருமுறை பறக்க ஆசை. மருத்துவச் சான்றிதழ் அடுத்த ஆண்டுவரை செல்லும். அறுவை சிகிச்சை விவரம் கோப்பில் வராமல் பார்த்துக்கொள்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பறக்க வேண்டாம். மகனோடும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம்.

சான்றிதழில் அச்சடித்த தேதி, பரிசோதித்த அன்று உங்கள் உடல் இருந்த நிலைக்குத்தான் சாட்சி. உடல்தகுதி குறைந்துவிட்டது என்று விமானிக்குத் தெரிந்த நொடியிலிருந்து அவர் விமானத்தை இயக்கக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. சர்ஜன் தேதி குறித்துக் கொடுத்த பிறகு 'எனக்குத் தெரியாது' என்று நீங்கள் சொல்ல முடியாது.

உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, குடலில் உள்ள வாயு விரியும். எட்டாயிரம் அடியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். உங்கள் செஸ்னாவில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கேபின் கிடையாது. பிதுங்கிய குடல் வயிற்றுச் சுவரின் இடுக்கில் சிக்கினால் ரத்த ஓட்டம் நின்று, கடும் வலியும் வாந்தியும் வரும். உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். தரையில் இருந்தால் 108-ஐ அழைக்கலாம். வானத்தில் இருப்பது நீங்களும் விமானம் ஓட்டத் தெரியாத மகனும்தான்.

அந்த ஏஜென்டை இன்றே விலக்கிவிடுங்கள். உரிமத்தை வைத்து மிரட்டியும் ஆசை காட்டியும் பணம் பறிப்பதே இவர்கள் பிழைப்பு. உரிமம் தரும் டி.ஜி.சி.ஏ.வின் (சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்) இ-ஜி.சி.ஏ. இணையதளத்தில் கணக்கு உங்கள் பெயரில், உறுதிமொழியும் உங்களுடையது. பொய் வெளிப்பட்டால் அவர் தொலைபேசியை அணைத்துவிடுவார், உரிமம் போவது உங்களுக்குத்தான். லேப்ராஸ்கோப்பித் தழும்புகள் வயிற்றில் இருக்கும்போது அடுத்த பரிசோதனையில் எதை மறைப்பீர்கள்? கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றிரவே மாற்றுங்கள். விபத்துக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள்: கட்டணப் பயணியாக அல்லாமல் பறப்பதைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன.

அறுவை சிகிச்சையை ஒழுங்காகத் தெரிவிப்பவர் அந்தத் தளத்தின் ஆங்கிலப் படிவங்களோடு மல்லாடிவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். மறைப்பவரோ மறுநாளே ஓடுபாதையில் நிற்கலாம். இத்தனை நாளில் பதில் என்று ஒரு கெடுவும், தமிழில் ஒரு பக்க விளக்கமும் இருந்தால் தரகருக்கு இங்கே என்ன வேலை? இதை எத்தனை ஆண்டு சொல்வது!

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு சில நாட்களில் உடலிலிருந்து வெளியேறிவிடும். ஆனால் கண்ணுக்குள் வைக்கும் வாயு அப்படியல்ல. மதுரை கண் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விழித்திரை அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அது கரைய, வாயுவின் வகையைப் பொறுத்து, வாரக்கணக்கில் ஆகும். அதுவரை விமானியாக மட்டுமல்ல, பயணியாகக்கூட விமானம் ஏறக் கூடாது. குமிழி விரிந்தால் கண்ணின் அழுத்தம் எகிறி, பார்வையே பறிபோகலாம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காரில் மலையேறினாலும் அதே ஆபத்து. 'ஓய்வுக்குக் குளுகுளுவென்று கொடைக்கானல் கூட்டிப் போகிறோம்' என்று குடும்பத்தார் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். குமிழி முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மலையும் விமானமும். வழக்கமான கண்புரை அறுவை சிகிச்சையில் இந்த வாயு இல்லை. அந்த நோயாளிகள் பயப்பட வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலோ, உடல்தகுதிக் குறைவு 20 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மருந்து தொடர்ந்தாலோ உரிமம் தரும் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே சர்வதேச அமைப்பின் பரிந்துரை. டிரமடால் போன்ற வலிமாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்வரை விமானத்தின் பக்கமே போகாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு, எடை தூக்கலாம், முழு வேலைக்கும் திரும்பலாம் என்று சர்ஜனிடம் தனியாக எழுதி வாங்குங்கள். அதைக் கொண்டுபோய் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவப் பரிசோதகரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்த பின், முதல் பறப்பு பயிற்றுநரோடு. மகனை அதற்கு அடுத்த முறை ஏற்றிக்கொள்ளுங்கள்.