சட்டைப்பை டார்ச்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விரல் நீள டார்ச் ஒன்றின் அட்டையில் ‘1,00,000 லுமென்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினேன். என் பழைய 300 லுமென் டார்ச்சைவிட அது மங்கலாக எரிகிறது. கடைக்காரரோ, “எரிகிறதே, பிறகென்ன?” என்கிறார்.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. லுமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. காரின் முகப்பில் எரியும் ஹாலஜன் பல்பே ஏறத்தாழ 1,500 லுமென்தான் தரும் என்னும்போது, சட்டைப்பைக்குள் அடங்கும் டார்ச் ஒரு லட்சம் தரும் என்று அச்சிடுவது துணிந்த பொய். இதே கூட்டத்தார்தான் 18650 அளவுள்ள (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) லித்தியம் பேட்டரியின் மேல், அதில் தேங்கும் மின்சாரத்தின் அளவு ‘9,900 மில்லி ஆம்பியர் மணி’ என்றும் எழுதுகிறார்கள். அந்த அளவில் நல்ல பேட்டரிகளே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. நேர்மையான நிறுவனங்கள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலை 2009 முதல் இருக்கிறது. அதன்படி, விளக்கை ஏற்றிய 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் வெளிச்சத்தை அளக்க வேண்டும். அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைதான் ‘எரியும் நேரம்’. அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ‘பொய்யான விவரம்’ என்ற காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘பழுது’ என்று எழுதினால் மீண்டும் அதே பதில்தான் வரும்.

கேள்வி: 1,200 லுமென் டார்ச், இரண்டு நிமிடத்தில் மங்கிவிடுகிறது. பழுதா?

பதில்: இல்லை. சிறிய உடல் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. வாங்கும்போது உச்ச அளவை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் நிலைத்து நிற்கும் அளவைக் கேளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. வால் பக்கம் சுவிட்ச் உள்ள டார்ச்சை அவரால் அழுத்த முடியவில்லை.

பதில்: வால் சுவிட்சை அழுத்த டார்ச்சை முஷ்டிக்குள் பிடித்துக் கட்டைவிரலை மடக்க வேண்டும், மூட்டு வலி உள்ளவருக்கு அது வேதனை. பக்கவாட்டில் சுவிட்ச் உள்ளதையே வாங்குங்கள். ஆனால் அந்தப் பட்டன் சற்று மேலெழும்பி, தடவினாலே தட்டுப்பட வேண்டும். நான் வாங்கிய ஒன்றில் பட்டன் உடலோடு சமமாக வழவழப்பாக இருந்ததால், இருட்டில் விளக்கைத் தேட இன்னொரு விளக்கு வேண்டியிருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். தலையைத் திருகி ஏற்றும் வகைக்கு இரண்டு கைகள் தேவைப்படும் என்பதால் அதுவும் அவருக்கு ஆகாது. பென்சில் போல மெலிந்ததைவிட, சொரசொரப்பான மேற்பரப்புடன் கொஞ்சம் பருமனாக இருப்பது பிடிக்க எளிது.

கேள்வி: பைக்குள் தானாகவே எரிந்து துணி கருகிவிட்டது. நஷ்ட ஈடு கேட்கலாமா? கையேட்டைப் படிக்கவில்லை.

பதில்: முதலில் படியுங்கள். பட்டன் தவறி அழுந்தினாலும் எரியாதபடி பூட்டும் வசதி இருப்பதாக அதில் எழுதியிருந்தால், அதைப் பயன்படுத்தாமல் பைக்குள் போட்டவருக்காக நான் வாதாட மாட்டேன். அந்த வசதியே இல்லாமல், பட்டனும் துருத்திக்கொண்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். பல டார்ச்சுகளில் வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்தொடர்பு அறுந்துவிடும்.

கேள்வி: சில ஆண்டுகள் மேசை அறைக்குள் கிடந்த டார்ச்சில் ஆல்கலைன் பேட்டரி கசிந்துவிட்டது. மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள்.

கேள்வி: லுமென் அதிகம், ஆனால் தொலைவில் எதுவும் தெரியவில்லையே?

பதில்: தொலைவுக்குப் பார்க்க வேண்டிய எண் கேண்டெலா, அதாவது ஒரே திசையில் குவியும் ஒளியின் செறிவு. 10,000 கேண்டெலா உள்ள டார்ச்சின் எட்டும் தூரம் 200 மீட்டர் என்று அட்டையில் இருக்கும்; ஆனால் அந்த எல்லையில் விழுவது முழுநிலவின் அளவு வெளிச்சமே, ஆகவே ஆளை அடையாளம் காண அதில் பாதித் தூரத்தை மட்டும் நம்புங்கள்.