குறைந்துபோன 25 ரூபாய்

அன்புள்ள அக்கா,

பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. 9 வயது மகள் அவள் அம்மாவிடம் இருக்கிறாள். மாதம் 12,000 ரூபாய் தரச் சொல்லி குடும்ப நல நீதிமன்ற உத்தரவு. கம்பெனியில் ஆள்குறைப்பு, இப்போது பாதிச் சம்பளத்துக்கு வேறு இடத்தில் இருக்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். தொகையைக் குறைக்க முடியுமா? வேலையே இல்லை என்று காட்டிவிடச் சொல்கிறான் நண்பன். மகளைச் சரியாகப் பார்க்கவும் விடுவதில்லை. நான் ஏன் முழுசாகக் கொடுக்க வேண்டும்?

கே.

அன்புள்ள தம்பி,

குறைக்க வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125-ஆவது பிரிவில் வந்த உத்தரவு என்றால், தொகையை மாற்றக் கேட்கும் பிரிவு அதில் 127-ஆக இருந்தது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 146. சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் தொகையை மாற்றலாம். பழைய சம்பளச் சீட்டு, புதிய சம்பளச் சீட்டு, வேலை போன கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். மனு போட்டதாலேயே தொகை குறைந்துவிடாது. உத்தரவு வரும்வரை பழைய தொகைதான். பாக்கி விழுந்தால் வாரண்ட் வரும்.

மனைவி சம்பாதிப்பதையும் கோர்ட் பார்க்கும். மகளைப் பார்க்க விடவில்லை என்றால் அதற்குத் தனி மனு போடுங்கள். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

அந்த நண்பனின் பேச்சைக் கேட்காதீர்கள். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதில் பொய் எழுதப் போகிறீர்களா? பெற்ற மகளுக்குச் சோறு போடாமலிருக்க ஒரு மனிதன் தன்னைத்தானே வேலையற்றவன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதா? படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்கள் கடிதம் முழுக்க மனைவி இருக்கிறாள், கம்பெனி இருக்கிறது, நண்பன் இருக்கிறான். மகள் ஒரு வரியில் வந்து போகிறாள். தொகை குறையப் போவதை அவளிடம் யார் சொல்வது?

என் அப்பா எங்களை விட்டுப் போனபோது எனக்கு ஏழு வயது. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கோர்ட்டுக்குப் போகவில்லை, போயிருந்தாலும் அன்று அந்தப் பிரிவில் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது, 2001-ல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். அப்பாவாகவே மாதம் 75 ரூபாய் மணியார்டர் அனுப்புவார். ஃபாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இருக்கும். தபால்காரர் அதைக் கிழித்துக் கொடுப்பார். "நலம். பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்." அதை நான் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் தபால்காரர் பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்தை எண்ணி வைத்தார். "இவ்வளவுதானாண்ணே?" என்றாள் அம்மா. ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். துண்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் வாங்கிப் பின்பக்கமும் பார்த்தேன்.

அந்த மாதம் நான் இரண்டாம் ரேங்கிலிருந்து ஏழாம் ரேங்குக்கு இறங்கியிருந்தேன். அதற்காகத்தான் அப்பா 25 ரூபாயைக் குறைத்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்டால் ரேங்க் விஷயம் வெளியே வருமே. முழுப்பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கினேன். அப்போதும் 50 ரூபாய்தான் வந்தது.

மில்லை மூடிவிட்டார்கள், அப்பா ஒரு கடையில் கணக்கு எழுதினார் என்பது அவர் காரியத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. எனக்கு அப்போது 31 வயது. அவர்மேல் எனக்கு இன்று கோபமில்லை. 50 ரூபாய்கூட அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். மில் மூடியாச்சு என்று இரண்டே வார்த்தை, அதற்கு அந்தத் துண்டில் இடம் இருந்தது.

மனுவை இந்த வாரமே போடுங்கள். அதற்கு முன்னால் மகளிடம் பேசுங்கள். போனில் கிடைக்காவிட்டால் ஒரு இன்லாண்டு லெட்டர் வாங்கி, அவள் பெயருக்கே எழுதுங்கள். அப்பாவுக்குச் சம்பளம் குறைஞ்சிருச்சும்மா, நீ ஒண்ணும் பண்ணலை என்று எழுதுங்கள்.