பங்குனி வெயிலில் நாயை வெளியே கூட்டிப் போகலாமா?

கேள்வி: எங்களிடம் இரண்டு வயது லாப்ரடார் பெண் நாய் இருக்கிறது. கோவை சரவணம்பட்டி பக்கம் வீடு. சுற்றிலும் காலி மனைகள், புதர். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடக்கக் கூட்டிப் போவோம். போன சித்திரையில் உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்து, மூக்கில் ரத்தம் வடிந்து, ஒரு மாதம் மாத்திரை கொடுத்துத்தான் தேறினாள். இந்த வருடம் வெளியே விடவே பயமாக இருக்கிறது. வீட்டில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். லாப்ரடாரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் இரண்டே மாதத்தில் உருண்டுவிடும். உங்கள் செருப்புகளும் மிஞ்சாது. நடக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். அதைவிட முக்கியம், வீட்டை ஒருமுறை நன்றாகத் துழாவிப் பார்க்க வேண்டும்.

காலி மனைப் புதரில்தான் உண்ணி ஏறுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் ஊர் நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி மனிதர்களோடு குடித்தனம் நடத்தப் பழகியது. ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல உப்பிய பெண் உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. கீழே விழுந்து, சுவர் விரிசல், கதவு நிலை, சாக்குக்கு அடி என்று ஏதாவது இடுக்கில் புகுந்துகொண்டு, நாலாயிரம் வரை முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் நாய் மேல் ஏறும், குடிக்கும், இறங்கித் தோலுரிக்கும், மறுபடி ஏறும். வெயில் ஏற ஏற இந்தச் சுற்று வேகமெடுக்கும். பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். போன வருடம் உங்கள் நாய்க்கு வைத்தியம் பார்த்தீர்கள், சரி. போர்டிகோ சுவருக்குப் பார்த்தீர்களா?

அவள் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்துக் காய வையுங்கள். சுவருக்கு மருந்து அடிப்பதாக இருந்தால் நாய், பூனை, குழந்தை மூவரையும் வெளியே அனுப்பி, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். ஒருமுறை அடித்தால் போதாது. முட்டைக்குள் இருப்பது தப்பித்துவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும்.

நாய்க்கு இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. அஃபாக்சோலேனர் மாதம் ஒன்று. ஃபுளூரலேனர் ஒன்று கொடுத்தால் ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும். எடை பார்த்து மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் ஒரு குறை உண்டு: உண்ணி கடித்து ரத்தம் உறிஞ்சினால்தான் மாத்திரை அதைக் கொல்லும். உங்கள் நாய்க்கு வந்தது, உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கிருமியோ உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே உடம்புக்குள் இறங்கிவிடும். ஒருமுறை காய்ச்சல் வந்து தேறிய நாய்க்கு மாத்திரையோடு, உண்ணியை ஒட்டவிடாமல் விரட்டும் கழுத்துப் பட்டையையும் சேர்க்கச் சொல்வேன். எந்தப் பட்டை என்று கேட்கும்போதே வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்துகள் பூனையின் உயிருக்கே ஆபத்து.

உண்ணியைப் பிடுங்க மண்ணெண்ணெய் தடவுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாய் அதை நக்கும், நுரையீரல் கெடும். கையுறை போட்டு, முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வாலுக்குக் கீழே தினமும் தடவிப் பாருங்கள். அப்படியே ஊசிப்புல் முள் ஏதும் விரலிடுக்கில் ஏறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். காய்ந்த புல்லின் அந்த முனை உள்ளே போனால் தானாக வெளியே வராது, சீழ் பிடிக்கும். நாயுருவி பரவாயில்லை, பெயருக்கேற்ப முடியில் ஒட்டிக்கொண்டு வரும், சீவினால் போய்விடும்.

தேறிய நாய்க்கு இந்தக் காய்ச்சல் மறுபடி வராது என்று சொல்ல முடியாது. பழைய கிருமி உடம்பில் பதுங்கியிருந்து தலைகாட்டுவதும் உண்டு. அதனால் வெயில் முற்றும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2 லட்சத்துக்குக் கீழே இருந்தால் மருத்துவர் மேற்கொண்டு சோதித்துப் பார்ப்பார். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் காய்ச்சல் பாருங்கள். நாய்க்கு 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. அதற்கு மேல் போனாலோ, ஈறு வெளுத்தாலோ, வயிற்றில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

குழந்தையைப் பற்றியும் கேட்டீர்கள். மனிதர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாளில் வருகிறதே, அது புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிரியின் குஞ்சால் வருவது. நாயிடமிருந்து தொற்றுவது அல்ல. ஆனால் நாய் உண்ணியும் எப்போதாவது மனிதரைக் கடித்து வேறு காய்ச்சலைக் கொடுக்கலாம். உண்ணி பொறுக்கும் வேலையைக் குழந்தையிடம் விடாதீர்கள்.

அடுத்து நடை. காலை எட்டு மணி பங்குனியில் தாமதம். ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் திரும்புங்கள். மாலை ஐந்து மணி இன்னும் மோசம். பகலெல்லாம் வெயில் குடித்த தார் ரோடு அப்போதுதான் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அவள் பாதத்தாலும் முடியாது. இரவு எட்டுக்கு மேல் போகலாம், கையில் டார்ச்சோடு, புதரை ஒட்டாமல். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

லாப்ரடார் நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்தது, கோவை வெயில் அதன் ரத்தத்தில் இல்லை. அதற்காக மொட்டை அடித்துவிடாதீர்கள், அந்த முடிதான் வெயில் நேரடியாகத் தோலில் படாமல் தடுக்கிறது. நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக இரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் வண்டி பிடிக்கும் முன்பே நிழலில் போட்டு உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிவிடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூட வேண்டாம், சூடு உள்ளேயே தங்கும். கொஞ்சம் தணிந்ததும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அப்புறம், மாங்கொட்டை. சீசன் ஆரம்பித்ததும் குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள். குடலில் சிக்கிய கொட்டையை நான் அறுத்து எடுத்த நாய்களில் பாதிக்கு மேல் லாப்ரடார்தான்.