சுவர்ல வரையறதுக்கு முன்னாடி எதிர் வீட்டுக்குப் போங்க: அல்சூர் அக்காகிட்ட கேட்ட கேள்விகள்

பெங்களூர்ல 14 வருஷமா சுவர்ல வரையறேன். அப்பா சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட், ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலை போச்சு, அவர் பிரஷ்ஷ வெச்சு தான் நான் ஆரம்பிச்சேன். வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

அக்கா, எங்க தெருவுல ஒரு பெரிய காம்பவுண்ட் சுவர் சும்மா கெடக்கு. யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?

தனியார் சுவர்னா ஓனர்கிட்ட கையெழுத்தோட லெட்டர். அரசாங்கச் சுவர்னா அந்த டிபார்ட்மென்ட், கார்ப்பரேஷன் ஆபீஸ் ரெண்டுலயும் டிராயிங்கோட சேத்து குடுங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க, பொது இடத்த அலங்கோலப்படுத்தறதுக்கு எதிரா 1981லயே கர்நாடகால சட்டம் இருக்கு.

ஆனா எனக்கு அதவிட முக்கியம் சுவருக்கு எதிர்ல யார் இருக்காங்கங்கறது. ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு சுவர்ல பெரிய பொம்பள முகம் வரைஞ்சேன், கண்ணு மட்டும் நாலு அடி, எல்லாரும் ஆஹான்னாங்க. எதிர் வீட்டு ஆயா ஒண்ணும் சொல்லல, மூணாவது நாள் என்னைக் கூப்பிட்டு அவங்க வாசப்படில உக்கார வெச்சாங்க. அங்க இருந்து பாத்தா தான் தெரியுது, கதவத் தெறந்தாலே அந்த ரெண்டு கண்ணும் நேரா அடுப்பு வரைக்கும் பாக்குது. "நான் துணி மாத்தறது கூட இவ பாத்துட்டே இருக்கா கண்ணு"ன்னாங்க. அன்னிக்கே அழிச்சிட்டேன். அந்த எடத்துல முன்னாடி ஒரு முருங்கை மரம் இருந்துச்சாம், ரோடு போட வெட்டிட்டாங்களாம், அதையே வரைஞ்சேன், எந்தக் கிளை எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு அவங்க தான் கீழ நின்னு சொன்னாங்க.

ஒரே மழைல பெயின்ட் உரிஞ்சிடுச்சு க்கா, விலை கூடுன எமல்ஷன் தான் அடிச்சோம்.

கீழ பழைய சுண்ணாம்பு இருந்திருக்கும். பெயின்ட் சுண்ணாம்ப நல்லா தான் பிடிச்சிருக்கும், சுண்ணாம்பு சுவர விட்டுடுச்சு. வயர் பிரஷ்ல சொரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் அடிங்க. புதுப் பூச்சுன்னா 28 நாள் விடுங்க. உப்பு பூத்திருந்தா மொதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க, அத அடைக்காம மேல என்ன அடிச்சாலும் வீண்.

தமிழ்ல எழுதலாமா? பிரச்சனை வருமா?

அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991ல வெச்சு, கன்னட-தமிழ் தகராறுல 18 வருஷம் மூடியே கெடந்துச்சு, 2009 ஆகஸ்ட் 9 தான் தெறந்தாங்க, நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையத் தெறந்தாங்க. சின்னப் பொண்ணா இருந்தப்போ அந்த மூட்டைய தாண்டி தான் ஸ்கூலுக்குப் போவேன், அதனால இத லேசா சொல்ல மாட்டேன். கன்னடம் மேல, பெருசா. அதுக்குக் கீழ தமிழ், உருது, அந்தத் தெரு என்ன பேசுதோ அது. கன்னடத்துல தப்பில்லாம எழுதுங்க, பக்கத்துல இருக்கற கன்னட டீச்சர் ஒருத்தர்கிட்ட காட்டிட்டு எழுதுங்க. நான் பாத்த வரைக்கும் சண்டை தமிழுக்காக வந்தத விட தப்பான கன்னடத்துக்காக வந்தது தான் ஜாஸ்தி.

மூத்திரம் போறத நிறுத்த சாமி படம் கேக்கறாங்க.

நான் வரையறதில்ல. கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு கேக்கறேன். பக்கத்துல கக்கூஸ் இல்லாதவன் அடுத்த சுவருக்குப் போவான், அவ்ளோ தான்.

நான் வரைஞ்சத வெள்ளையடிச்சிட்டாங்க. கேஸ் போடலாமா? ஒரு விளம்பரத்துலயும் எடுத்து போட்டிருக்காங்க.

ரெண்டும் வேற வேற. காப்பிரைட் சட்டம் 57வது பிரிவு, படைப்பச் சிதைச்சா கேக்கற உரிமைய குடுக்குது. தில்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்த 1979ல கழட்டி ஸ்டோர்ல போட்டாங்க, அவர் விடாம போராடி 2005ல தில்லி ஹைகோர்ட்ல ஜெயிச்சார், மிச்சத்த திருப்பிக் குடுத்து 5 லட்சம் நஷ்ட ஈடும் குடுக்கச் சொன்னாங்க. எத்தன வருஷம் பாருங்க. அதனால அழிக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்னு அக்ரிமென்ட்லயே ஒரு வரி போட்டுடுங்க. விளம்பரத்துல போட்டவங்கள சும்மா விடாதீங்க, பொது இடத்து சிலைய போட்டோ எடுக்க சட்டத்துல விலக்கு இருக்கு, பெயின்டிங்குக்கு அது கெடையாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க.

கம்பெனி காசுல வரையறது தப்பா?

தப்பில்ல, எனக்கும் வாடகை இருக்கு. ஆனா சுவர் யாருக்காகங்கறத பாருங்க. ஒரு குடிசை ஏரியாவ "அழகுபடுத்த" கூப்பிட்டாங்க, போனா ரோட்டுப் பக்கச் சுவர் மட்டும் தான், உள்ள தண்ணிக் கொழா உடைஞ்சு ஒழுகுது. கொழாய மொதல்ல சரி பண்ணுங்கன்னு சொன்னேன், வேலை வேற ஆளுக்குப் போச்சு. இன்னிக்கும் அதத் தான் சொல்வேன்.

2009ல பிபிஎம்பி (அப்போ இருந்த பெங்களூர் மாநகராட்சி) சுவர்ல வரைஞ்ச அருவி, அரண்மனை எல்லாம் ஆர்ட்டா?

ஆமா. பேனர் வேலை போன பெயின்டருங்க தான் அத வரைஞ்சாங்க, எங்கப்பாவும் போனார். மைசூர் அரண்மனை லைட்டுங்கள பிரஷ் காம்பத் திருப்பிப் பிடிச்சு ஒவ்வொரு புள்ளியா வெச்சார், ரெண்டு நாள், வெயில்ல. கீழ யார் பேரும் போட விடல. அந்தச் சுவர் இப்போ இல்ல. நான் முடிக்கற சுவர்ல சாரம் கட்டினவர், சுவருக்கு பட்டி பூசினவர், கடைசியா நான்னு பேர் எழுதறேன், அதுக்கு ஒத்துக்கலன்னா வேலை எடுக்கறதில்ல.