போனில் இணையும் இயர்பட்ஸ் லேப்டாப்பில் மட்டும் ஏன் இணைய மாட்டேன் என்கிறது?

இயர்பட்ஸ் போனில் உடனே இணைகிறது, லேப்டாப்பில் மட்டும் இணையவில்லை, பழுது எதில் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டிலுமே பழுது இருக்காது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் வேறு யாருடைய போனிலாவது அதை ஒரு தடவை இணைத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். நான் மூன்று நாள் அல்லாடிவிட்டு இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு கோவை மாவட்டம் சோமனூர் பக்கம். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன், அதில் எட்டு நாடாத் தறிகள், அதாவது ஊடை நூலைச் சுமந்து நாடா இருபுறமும் ஓடும் விசைத்தறிகள். அப்பா கூலிக்கு நெசவு செய்கிறார். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை வீட்டில் இருந்தே பார்க்கிறேன். தறி ஓடும்போது குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மேசையில் இருக்கும் டம்ளர் தண்ணீர் அதிரும். அதனால் சத்தத்தை அடக்கும் இயர்பட்ஸ் எனக்கு ஆடம்பரம் இல்லை, அது இல்லாமல் மீட்டிங்கில் உட்காரவே முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலை இயர்பட்ஸ் பெட்டியின் மூடியைத் திறக்கிறேன், லேப்டாப் "இணைக்க முடியவில்லை" என்கிறது. என் போன்தான் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்து அதில் புளூடூத்தை அணைத்தேன். அப்படியும் காதில் வைத்ததும் "கனெக்டட்" என்று இயர்பட்ஸின் குரல் சொன்னது. எதனுடன் இணைந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், மீட்டிங் அவசரத்தில் தோன்றவில்லை. லேப்டாப்பில் அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கப் பார்த்தேன். இப்போது பட்டியலில் பெயரே வரவில்லை. புளூடூத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்தேன், புளூடூத் சின்னமே காணாமல் போனது. ஷட்டவுன் செய்து திறந்தும் வரவில்லை, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வந்தது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது, பாதி நினைவை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு தூங்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கோவையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம். இயர்பட்ஸை வாங்கிக்கூடப் பார்க்காமல், "புளூடூத் கார்டு போயிருச்சுங்க, மாத்தோணும், 2,800 ஆகுமுங்க" என்றார். பெரும்பாலான லேப்டாப்புகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டில்தான் இருக்கும். என் வைஃபை நன்றாக ஓடுகிறதே என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. வைஃபை ஓடினாலும் புளூடூத் மட்டும் கெடலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேறு ஒரு ஹெட்செட்டைப் போட்டுப் பார்க்காமல் எப்படி முடிவு செய்ய முடியும்? லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன் இரவு ஒன்பது மணி. மூடியைத் திறந்து காதில் வைத்தேன். யாரோ செய்தி வாசிக்கிறார்கள்! நான் எதையும் ஓடவிடவில்லை. அதே நேரம் குடோன் வாசலில் அப்பா போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே, "அம்மிணி, இதுல படம் ஓடுது, சத்தமே வர மாட்டீங்குது, மூணு நாளா இப்படித்தான்" என்றார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் வந்திருந்தான். தறிச் சத்தத்தில் அப்பாவுக்கு போன் பேச்சு கேட்பதில்லையே என்று என் இயர்பட்ஸை அவர் போனில் இணைத்துக் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து மூடியைத் திறந்தாலே அது கடைசியாகப் பழகிய அப்பாவின் போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. சாதாரண புளூடூத் பத்து மீட்டர் வரை போகும், நடுவில் ஒரு சுவர் இருந்தாலும் எட்டிவிடும். ஒன்றுடன் இணைந்துவிட்ட இயர்பட்ஸ், பேரிங் நிலைக்கு, அதாவது புதிய சாதனத்துடன் இணையத் தயாராகும் நிலைக்குப் போகாதவரை பெரும்பாலும் வேறு எதன் கண்ணுக்கும் படாது. லேப்டாப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே வீட்டில் உள்ள எல்லா போன், டேப், டிவியிலும் புளூடூத்தை அணையுங்கள். லேப்டாப்பில் பழைய பெயர் இருந்தால் நீக்குங்கள். அடுத்தது முக்கியம்: மூடியைத் திறப்பது மட்டும் போதாது, பெட்டியில் இருக்கும் பட்டனை விளக்கு மின்னும்வரை சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டன் இல்லாத மாடல்களில் இரண்டு பட்களையும் தொட்டுப் பிடிக்கச் சொல்வார்கள், கையேட்டைப் பாருங்கள். அப்படியும் பெயர் வரவில்லை என்றால், விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'புளூடூத் & டிவைசஸ்', அதற்குள் 'டிவைசஸ்' பக்கத்தில் கீழே 'டிஸ்கவரி' என்று ஒன்று இருக்கும். அது 'டீஃபால்ட்'டில் இருந்தால் சில சாதனங்களைக் காட்டாது, 'அட்வான்ஸ்டு' ஆக்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் இணைகிறது என்றால் பெட்டிக்குள் சார்ஜ் ஏற்றும் முனைகளைப் பாருங்கள். என்னுடையதில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு செம்புப் புள்ளிகள், அவற்றின் மேல் பஞ்சுத்தூசி ஒரு மெல்லிய பாயாகவே படிந்திருந்தது. காய்ந்த பிரஷ்ஷால் துடைத்த பிறகுதான் இடது பக்கம் சார்ஜ் ஏறியது. இணைந்த பிறகு மீட்டிங்கில் மட்டும் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல் கேட்டால் அதுவும் பழுது இல்லை. இயர்பட்ஸின் மைக்கைப் பயன்படுத்தும்போது இணைப்பு பெரும்பாலும் போன் பேச்சுக்கான தரத்துக்கு இறங்கிவிடும். மைக்குக்கு மட்டும் லேப்டாப்பைத் தேர்ந்தெடுங்கள், கேட்பது தெளிவாகும். எனக்கு அந்த வழி உதவாது, லேப்டாப் மைக் தறிச் சத்தத்தையும் சேர்த்து அனுப்பிவிடும்.

வயர் வைத்த ஹெட்செட் வாங்கினால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். வைத்திருக்கிறேன், அது சத்தத்தை அடக்குவதில்லை. குடோனை விட்டுத் தள்ளி வேறு அறையில் உட்காரலாமே என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித் தள்ளி ஒரு அறை இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை ஒரு மாதத்துக்கும் மேல் நிறுத்தினார்கள். எங்கள் தறியும் நின்றது. அந்த மாதம் மீட்டிங்கில் ஒருவர், "இப்பத்தான் உங்க ஆடியோ நல்லா இருக்கு, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார். அடுத்த அறையில் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார், அம்மா மளிகைக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் காலேஜ் ஃபீஸ் கட்டியது அந்தச் சத்தம்தான். முப்பது வருஷம் காதில் எதுவும் வைக்காமல் அதற்குள்ளேயே நின்றதால் அப்பாவுக்கு இன்று பக்கத்தில் பேசினால்கூடப் பாதிதான் கேட்கிறது. ஆனால் எட்டுத் தறியில் எதிலாவது நாடா ஒரு அடி பிசகினால் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தே எந்தத் தறி என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு போன மாதம் தனியாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அவருடையது நீலப் பெட்டி, என்னுடையது கறுப்பு. கோவையில் காது டாக்டரிடம் போக நாளும் குறித்திருக்கிறோம். நீங்கள் மேலே சொன்னதெல்லாம் செய்தும் இணையவில்லை என்றால் இயர்பட்ஸ் மாடலையும் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.