ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீங்க

வணக்கம் அக்கா. வீட்லயே சின்ன அளவுல எலக்ட்ரானிக் போர்டு அசெம்பிளி பண்ண ஆரம்பிச்சிருக்கேன். பார்ட்ஸை போர்டோட ஒட்ட வைக்க ஈயம் இல்லாத சால்டர் பேஸ்ட் (உலோகப் பொடி கலந்த பசை), 500 கிராம் டப்பா. ஃப்ரிட்ஜ்லதான் வெச்சிருக்கேன், வேணும்போது எடுத்து உடனே ஸ்டென்சில்ல (ஓட்டை போட்ட தகடு) இழுத்துடுவேன். ஓவன்ல பேஸ்ட்டை உருக்கற ரீஃப்ளோ முடிஞ்சு பார்த்தா, பார்ட் உக்கார்ற உலோகப் பேடை சுத்தி மணல் தூவின மாதிரி குட்டி குட்டி உருண்டை. ஓவன் செட்டிங்கை மாத்தி மாத்தி பார்த்துட்டேன், போகல. மிச்ச பேஸ்ட்டை வழிச்சு டப்பாலயே போட்டுடறேன், அது தப்பா? டேட் முடிஞ்சா தூக்கிப் போட்டே ஆகணுமா?

வணக்கம் தம்பி,

ஓவனை விட்டுடுங்க, உங்க கடிதத்துல "உடனே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, எனக்கு அதுலதான் சந்தேகம். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் வெளிய வெச்சதும் வேர்க்குதுல்ல, ஜில்லுனு இருக்கற டப்பாவைத் திறந்தா அதே வேர்வை பேஸ்ட் மேலயே படியும். நீங்க ஸ்பேட்டுலாவால கிண்டும்போது அது உள்ள கலந்துடும். ஈயம் இல்லாத பேஸ்ட் உருக வழக்கமா 217 டிகிரி கிட்ட வேணும், தண்ணி 100லயே கொதிச்சிடும், அப்போ ஆவி வெடிச்சு கிளம்பும்போது பேஸ்ட்டையும் சேர்த்து தெறிக்க விடுது, தெறிச்சதுதான் உருண்டையா நிக்குது.

அதனால மூடியை இறுக்கி மூடினபடியே வெளிய வைங்க. 500 கிராம் டப்பாக்கு குறைஞ்சது 4 மணி நேரம், நான் முந்தின ராத்திரியே எடுத்து வெச்சிடுவேன். சீக்கிரம் ஆகணும்னு ஹீட்டர் மேலயோ வெந்நீர்லயோ வைக்கவே வைக்காதீங்க, ஓரம் இளகிடும் நடு ஜில்லுனே இருக்கும். அப்புறம் திறந்து ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் மெதுவா கிண்டினா போதும், வேகமா அடிச்சா தண்ணியாகி பேடை விட்டு வழியும்.

ஃப்ரிட்ஜ் எதுக்குன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். எடையில பார்த்தா பேஸ்ட்ல 90 சதவீதம் கிட்ட உலோகம், ஆனா இடத்தை அடைக்கறதுல பாதி, பொடியை சேர்த்துப் பிடிச்சிருக்கற ஃபிளக்ஸ்ங்கற பசை. உள்ள இருக்கற உலோகப் பொடி டைப் 4ங்கற ரகம்னா ஒரு துகள் 20ல இருந்து 38 மைக்ரான்தான், அவ்ளோ பொடியா இருக்கறதால மொத்த மேற்பரப்பு எக்கச்சக்கம். உலோகம் மேல காத்து பட்டு படியற ஆக்ஸைடை அரிக்கறதுதான் ஃபிளக்ஸோட வேலை, அது ஓவன் வர்ற வரைக்கும் காத்திருக்காது, டப்பாக்குள்ளயே மெதுவா ஆரம்பிச்சிடும். குளிர் அதை நிறுத்தல, தாமதப்படுத்துது, அவ்ளோதான். பொதுவா 2ல இருந்து 10 டிகிரிக்குள்ள வைக்கணும், லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதுதான் முடிவு. லேபிள் சொல்லாம ஃப்ரீசர்ல வைக்காதீங்க, ஃபிளக்ஸ் பிரிஞ்சு போகலாம். சிரிஞ்சா இருந்தா முனை கீழ பார்க்க நிறுத்தி வைங்க. சாப்பாட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி, ஈயம் இல்லாத பேஸ்ட்டா இருந்தாலும் சரி.

மிச்சத்தை திருப்பி போடறது தப்புதான். நானும் ஒருதடவை அப்படி போட்டு முக்கால் டப்பா நல்ல பேஸ்ட்டை கெடுத்திருக்கேன், இப்பவும் நினைச்சா வயிறு எரியுது. ஸ்டென்சில் மேல கிடந்தது காத்து பட்டு, பேஸ்ட்டை இளக்கமா வெச்சிருக்கற சால்வென்ட் போயி, ஆக்ஸைடு ஏறி, வேற சரக்காயிடுது. தனி டப்பால போட்டு பெரிய பேட் இருக்கற பழகற போர்டுக்கு வெச்சுக்கோங்க.

டேட் முடிஞ்சதை டெஸ்ட் பண்ணி பாருங்க. சால்டர் ஒட்டாத பீங்கான் தகட்டுல ஒரு பொட்டு வெச்சு உருக்குங்க. எல்லாம் ஒரே உருண்டையா சேர்ந்துட்டா உயிர் இருக்கு, சுத்தி பொடி உருண்டை வளையம் கட்டினா போச்சு. பாஸ் ஆனாலும் உங்க சொந்த போர்டுக்கு மட்டும்தான், இன்னொருத்தர் காசு கொடுத்து பண்ணச் சொன்ன போர்டுல டேட் போன பேஸ்ட் போடறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இன்னொண்ணு, ரெசிஸ்டரோட இடுப்புகிட்ட மட்டும் கொஞ்சம் பெருசா ஒத்தை உருண்டை நின்னா அது ஈரம் இல்ல, பேஸ்ட் அதிகமாகி பார்ட்டுக்கு அடியில பிதுங்கினது. அதுக்கு ஸ்டென்சில் ஓட்டையைத்தான் சின்னதாக்கணும்.

இந்த டப்பால ஏற்கனவே ஈரமும் பழைய பேஸ்ட்டும் கலந்திருக்கு, அதனால புது டப்பா ஒண்ணு எடுத்து, ராத்திரியே வெளிய வெச்சு, ஓவனை பேஸ்ட் கம்பெனி சொன்ன சூடேத்தற கணக்குக்கே (ப்ரொஃபைல்) திருப்பிட்டு, அதே போர்டை ஓட்டிப் பார்த்துட்டு எழுதுங்க.